பத்துக் குதிரை என்ன விலை?

பினாங்கில் மோட்டார் வியாபாரம் செய்தவர்களுக்குத் தொலைபேசி மணி அடித்தாலே கேள்வி இன்னதென்று தெரிந்துவிடும். "பத்து எச்.பி. மோட்டார் என்ன விலை?" மலாயில் வரும், ஹொக்கியனில் வரும், தமிழில் வரும், கேள்வி மட்டும் மாறாது. எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, அதற்கு நேராக ஒரு விலை சொல்லி நான் கேட்டதில்லை. "எத்தனை போல்? எதைச் சுத்துது? எப்ப வேணும்?" என்று திருப்பிக் கேட்பார். பாதிப் பேர் எரிச்சலில் போனை வைத்துவிடுவார்கள். அவர்கள் வேறு கடைக்குப் போய் ஏதாவது ஒரு பத்துக் குதிரையை வாங்கி, பொருத்திப் பார்த்து, பொருந்தாமல் திரும்ப எங்களிடமே வருவதும் உண்டு.

நான் அந்தக் கடையில் சேர்ந்தது 1985இல், பினாங்குப் பாலம் திறந்த ஆண்டில். சீனர்கள் 'ஏழு தெரு' என்று சொல்லும் வட்டாரத்தில், மெக்காலம் ஸ்ட்ரீட் பக்கம் கடை. முன்பக்கம் புது மோட்டார் விற்பனை, பின்பக்கம் காயில் கட்டும் பட்டறை, மாடியில் தவுக்கேயின் குடும்பம். ஐந்தடிப் பாதையில் எரிந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். நடக்கிறவர்கள் திட்டிக்கொண்டே தெருவில் இறங்கி நடப்பார்கள். கடைக்குள் நுழைந்தால் வார்னிஷ் வாசனை. வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் போகாது.

பட்டறைக்குத் தலைவர் ஒரு தமிழர். எல்லாரும் 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம், தவுக்கே உட்பட. ஜார்ஜ் டவுனில் டிராலிபஸ் ஓடிய காலத்தில் அதன் பட்டறையில் எடுபிடியாக நுழைந்தவர். 1961இல் டிராலிபஸ் நின்றதும் நகராண்மையின் மின்சார இலாகாவுக்குப் போனார். 1976இல் அந்த இலாகாவைத் தேசிய மின்சார வாரியம் எடுத்துக்கொண்டபோது, "இனிமே எனக்கு மேல ஆயிரம் பேரு, நமக்கு ஒத்துவராது" என்று வெளியே வந்துவிட்டாராம். படிப்பு அதிகமில்லை. ஆனால் ஒரு மோட்டாரின் விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று நான் அறிந்ததில் முக்கால்வாசி அவர் கையைப் பார்த்துக் கற்றதுதான்.

சேர்ந்த புதிதில் ஓர் ஐஸ் பாக்டரியிலிருந்து பத்துக் குதிரை மோட்டார் ஒன்று காயில் எரிந்து வந்தது. லாரியிலிருந்து இறக்க இரண்டு பேர் போனோம். அசையவில்லை. அண்ணன் சங்கிலிக் கப்பியை இழுத்து வந்து மாட்டினார். கடையின் முன்பக்கம் அதே பத்துக் குதிரை புது மோட்டார் நின்றது. எண்பது கிலோவுக்குள்தான் இருக்கும், நாங்கள் இருவரும் மூங்கில் போட்டுத் தூக்கி வைத்தது. இதுவோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டின் பெயர்ப்பட்டையிலும் 7.5 கிலோவாட் என்றுதான் போட்டிருந்தது.

"பட்டையில அடுத்த வரியைப் படி" என்றார் அண்ணன். ஒன்றில் நிமிடத்துக்கு 1450 சுற்று. மற்றதில் 720.

மோட்டாரின் உடம்பைத் தீர்மானிப்பது குதிரைத்திறன் இல்லை, முறுக்குவிசை. திறன் என்பது முறுக்கையும் வேகத்தையும் பெருக்கி வருவது. வேகம் பாதியானால் அதே திறனுக்கு முறுக்கு இரட்டிப்பாக வேண்டும். 1450 சுற்றில் 7.5 கிலோவாட் தரும் மோட்டார் ஏறக்குறைய 49 நியூட்டன் மீட்டர் முறுக்கும். 720 சுற்றில் அதே திறனுக்கு 99. அந்த முறுக்குக்கு இரும்பும் செம்பும் வேண்டும். 1450 சுற்றுக்கான நாலு போல் மோட்டார் 132 என்ற சட்டகத்தில் அடங்கும். அதாவது தரையிலிருந்து தண்டின் நடுவுக்கு 132 மில்லிமீட்டர். 720 சுற்றுக்கான எட்டு போல் என்றால் 160 சட்டகத்துக்குப் போக வேண்டும், அதிலும் நீளமானதற்கு. விலை எடையோடு சேர்ந்து ஏறும். அதனால்தான் தவுக்கே முதலில் போலைக் கேட்டார்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். வேகத்தை மோட்டாரில் குறைக்காமல் புல்லியில் குறைப்பது. மலிவான நாலு போல் மோட்டாரை வாங்கிச் சிறிய புல்லி போட்டு பெல்ட் மாட்டினால் இயந்திரம் மெதுவாகவே சுற்றும். ஐஸ் பாக்டரிக்காரரும் அதைத்தான் கேட்டார். அண்ணன் தலையாட்டவில்லை. அமோனியா கம்ப்ரஸர் ராத்திரி பகலாக இழுக்கிறது. சின்னப் புல்லியில் பெல்ட் வழுக்கும், பக்கவாட்டு இழுவையில் மோட்டாரின் முன் பேரிங் தேயும், மிச்சம் பிடித்த காசு பெல்ட்டுக்கும் பேரிங்குக்கும் போய்விடும் என்றார். கடைசியில் பழையதற்கே காயில் கட்டிக் கொடுத்தோம். அதே தந்திரத்தை ஓர் அரிசி மில்லுக்கு அவரே சொல்லியிருக்கிறார். அங்கே மோட்டார் பகலில் சில மணி நேரம்தான் ஓடும். எதைச் சுத்துது என்ற இரண்டாவது கேள்வியின் அர்த்தம் அதுதான்.

எரிந்த மோட்டாரைப் பிரிப்பதைப் பார்த்தால் விலைப்பட்டியல் கண் முன்னால் விரியும். முதலில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்ப்பார் அண்ணன். முள் சுழியில் படுத்திருக்கும். விசிறி மூடி, விசிறி, இரு பக்க மூடிகள் கழற்றி ரோட்டரை உருவுவோம். ரோட்டரில் எரிய ஒன்றுமில்லை. இரும்புத் தகட்டின் துளைகளில் அலுமினியம் ஊற்றி வார்த்த கூண்டு அது. வேதனையெல்லாம் ஸ்டேட்டரில். குனிந்து மூக்கை வைத்து மோப்பம் பிடிப்பார், பிறகு டார்ச் அடிப்பார். டெல்டாவில் ஓடிய மோட்டாராக இருந்து, மூன்று பேஸில் ஒன்றின் காயில்கள் மட்டும் கரியாகி மற்றவை பொன் நிறத்தில் பளபளத்தால், "பேஸ் போயிருக்கு, பியூஸைப் பாருன்னு சொல்லு" என்பார். எல்லாம் ஒரே மாதிரி கறுத்திருந்தால் சுமை அதிகம். ஒரே ஒரு இடத்தில் ஓட்டை போட்டது போல் உருகியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அல்லது கம்பியில் குறை. மோட்டார் ஏன் செத்தது என்று சொல்லாமல் காயில் கட்டித் தருபவன் இன்னொரு மாதத்தில் திரும்ப வரும் வாடிக்கையாளரை வளர்க்கிறான் என்பது அவர் கட்சி. தவுக்கேக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உளி வைத்துக் காயிலின் ஒரு பக்கத் தலையை வெட்டி, மறுபக்கமிருந்து இழுத்தெடுத்தால் செம்பு வரும். பத்துக் குதிரை மோட்டாரில் ஐந்தாறு கிலோ. அதைத் தராசில் போட்டுக் குறித்துக்கொள்வோம். திரும்பக் கட்டும்போது அதே எடை வர வேண்டும். சுற்று எண்ணிக்கை, கம்பியின் கேஜ், காயிலின் பிட்ச் எல்லாம் ஒரு பழைய நோட்டில் ஏறும். அந்த நோட்டுதான் கடையின் உண்மையான சொத்து என்று தவுக்கே சொல்வார். அதைப் பூட்டி வைப்பார், கல்லாப்பெட்டியைக்கூடச் சில சமயம் திறந்து போட்டுவிட்டுப் போவார்.

ஒரு தடவை ஒரு மோட்டார் வந்தது. புதுசு, பெயர்ப்பட்டையில் எல்லாம் சரி, விலை எங்களுடையதைவிட நன்றாகவே குறைவு. வாங்கிய ஒரு வருஷத்துக்குள் எரிந்துவிட்டது. அண்ணன் கையில் எடுத்தவுடனே, "லேசா இருக்கே" என்றார். பிரித்து, எரியாத பக்கத்தில் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினார். எனாமலுக்கு அடியில் சிவப்புக்குப் பதிலாக வெள்ளை. அலுமினியம். அது குற்றமில்லை, அலுமினியக் கம்பியில் நல்ல மோட்டார் செய்யலாம். ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பில் அறுபது சதவீதம் அளவுதான். அதே மின்னோட்டத்துக்குக் கம்பி தடிக்க வேண்டும், தடித்த கம்பிக்குத் துளை அகலமாக வேண்டும், துளை அகலமானால் இரும்பு கூட வேண்டும். இந்த மோட்டாரில் துளை செம்புக்கான அளவு. கம்பி மட்டும் அலுமினியம். அதைச் சூடு தின்றுவிட்டது. இரும்புத் தகட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். நல்ல மோட்டாரில் சிலிக்கன் எஃகுத் தகடு அரை மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருக்கும். தகடு தடித்தால் வெட்டும் செலவு மிச்சம், சுழல் மின்னோட்ட இழப்பு அதிகம். பெயர்ப்பட்டை இதில் எதையும் சொல்லாது.

பழைய பிரிட்டிஷ் மோட்டார்களும் வரும், பெருநிலத்தின் ரப்பர் ஆலைகளிலிருந்து. பதினைந்து குதிரை என்று பித்தளைப் பட்டையில் பொறித்திருக்கும். பார்த்தால் நாற்பது குதிரை மாதிரி யானைக்குட்டியாக நிற்கும். நூல் சுற்றிய கம்பி, காகிதம், ஷெல்லாக். அந்த இன்சுலேஷன் நூறு டிகிரியைத் தாண்டினால் கருகிவிடும், ஆகவே மோட்டாரைப் பெரிதாகச் செய்து குளிர்ச்சியாக ஓட்டினார்கள். பிறகு எனாமல் வந்தது, பாலியெஸ்டர் வந்தது; இன்றைய எஃப் வகை இன்சுலேஷன் 155 டிகிரி தாங்கும். அமெரிக்காவில் ஒரு கணக்கு சொல்வார்கள்: 1897இல் ஏழரைக் குதிரை தந்த சட்டக அளவு 1970களில் நூறு குதிரை தந்தது. மோட்டார் மலிந்ததற்கு இரும்பும் செம்பும் மலிந்தது காரணமில்லை, ஒவ்வொரு கிலோ இரும்பையும் செம்பையும் முன்பைவிடக் கடுமையாக வேலை வாங்கக் கற்றுக்கொண்டதுதான். அதனால் புது மோட்டாருக்குத் தாங்கும் சக்தி குறைவு என்று அண்ணன் புலம்புவார். பழைய மோட்டார் இருபது சதவீதம் கூடுதல் சுமையைச் சத்தமில்லாமல் இழுக்கும், புதியது இழுக்காது. அது உண்மைதான். ஆனால் அந்தத் தாங்கும் சக்திக்கும் யாரோ ஒருவர் காசு கொடுத்திருந்தார்.

விலையை எங்கள் கைக்கு வெளியே இருந்து ஆட்டியவை இரண்டு. ஒன்று நாணயம். நான் சேர்ந்த அதே 1985இல் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் உட்கார்ந்து டாலரை இறக்கத் தீர்மானித்தன. எங்களுக்கு அதன் செய்தி ஜப்பான் மோட்டாரின் விலையாக வந்தது. டாலருக்கு 240 யென் இருந்தது இரண்டு மூன்று வருஷத்தில் 120 பக்கம் இறங்கியது. அதுவரை கடையின் முன்வரிசையில் நின்ற ஜப்பான் மோட்டார்கள் மெதுவாகப் பின்வரிசைக்குப் போயின. தைவான் மோட்டார் முன்னால் வந்தது. மோட்டாரின் தரத்தில் அந்த வருஷம் ஒன்றும் மாறவில்லை.

1997இல் வந்த நாணயச் சரிவு வேறு மாதிரி. ஜூலைக்கு முன் டாலருக்கு இரண்டரை வெள்ளி, அதாவது ரிங்கிட். 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. அந்த மாதங்களில் சப்ளையர் அனுப்பும் விலைச்சீட்டில் முப்பது நாள் செல்லுபடி என்ற வரி ஏழு நாள் ஆகி, பிறகு 'இன்று மாலை ஐந்து மணி வரை' ஆனது. பிறை தொழிற்பேட்டையிலிருந்து ஒருவர் காலையில் விலை கேட்டு, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி மதியம் கூப்பிடுவார், விலை மாறியிருக்கும். கத்துவார். தவுக்கே ரேடியோவில் பணமாற்று விகிதம் கேட்டுக்கொண்டே, "நான் என்ன செய்யட்டும், பேங்க் நெகாராவைக் கேளு" என்பார். புது மோட்டார் விற்பனை படுத்துவிட்டது, பட்டறை மட்டும் அல்லோலகல்லோலம். தூக்கிப் போட்டிருக்க வேண்டிய மோட்டார்களையெல்லாம் காயில் கட்டக் கொண்டு வந்தார்கள். அண்ணன் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்தார். 1998 செப்டம்பர் 2 அன்று வெள்ளியை 3.80இல் கட்டிப் போட்டார்கள். பொருளாதார நிபுணர்கள் அதைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறார்கள். எங்களுக்கு அது நல்லது; விலைச்சீட்டில் மறுபடி முப்பது நாள் போட முடிந்தது. அந்தக் கட்டு 2005 ஜூலை வரை நின்றது.

இரண்டாவது செம்பு. 2003இல் லண்டன் சந்தையில் டன் இரண்டாயிரம் டாலருக்குக் கீழே. 2006 மே மாதம் எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. எனாமல் கம்பி விற்பவர் ரீல் விலையைச் சொல்லத் தயங்கி, "நீ வந்து எடுக்கும்போது பார்த்துக்கலாம்" என்பார். காயில் கட்டும் செலவில் செம்பின் பங்கு அதுவரை ஒரு மூலையில் இருந்தது. இப்போது கூலியையே மிஞ்சியது. எரிந்த காயிலைச் சுங்கை பினாங்கு பக்கம் பழைய இரும்புக் கடையில் போடுவது வழக்கம், அந்தக் காசில் பட்டறைப் பையன்கள் தீபாவளிக்குச் சட்டை எடுப்பார்கள். 2006க்குப் பிறகு தவுக்கே அந்தச் சாக்கைத் தானே எடை போட ஆரம்பித்தார். 2008 கடைசியில் செம்பு மூவாயிரம் வரை சரிந்தது, 2011இல் பத்தாயிரத்தை எட்டியது. இந்த ஏற்ற இறக்கத்தில் புது மோட்டாரின் விலை ஏறும்போது உடனே ஏறும், இறங்கும்போது சாவகாசமாக இறங்கும். ஆலையைக் கேட்டால், பழைய விலையில் வாங்கின செம்பு கையிருப்பில் இருக்கிறது என்பார்கள். ஏறும்போது அந்தக் கையிருப்பு எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது கேள்வி, எப்ப வேணும் என்பது. அதைத்தான் நான் கடைசியாகப் புரிந்துகொண்டேன்.

பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியபோது வந்த முதல் எட்டுக் கம்பெனிகளைப் பினாங்கில் 'எட்டு சாமுராய்' என்பார்கள்: இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன். பெயர்தான் சாமுராய், பாதிக்கு மேல் அமெரிக்கா. அவர்களைத் தொடர்ந்து இன்னும் பலர் வந்தார்கள். அமெரிக்க இயந்திரத்தோடு அமெரிக்க மோட்டார் வரும், அது அங்குலத்தில் பிறந்தது. நாம் மில்லிமீட்டர்க்காரர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கமிருந்த ஒரு தொழிற்சாலையில் குளிர்நீர் பம்பின் மோட்டார் போய்விட்டது. 215டி சட்டகம், பத்துக் குதிரை. ஒரிஜினலே வேண்டும் என்று அமெரிக்காவுக்கு ஆர்டர் போட்டார்கள். விமானத்தில் வர இரண்டு வாரம். மாற்றுப் பம்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் முனகத் தொடங்கியது. அங்கே மெயின்டனன்ஸில் இருந்த ஒரு தமிழ்ப் பையன் எங்களைக் கூப்பிட்டான். அண்ணனும் நானும் மீட்டரும் காலிப்பரும் எடுத்துக்கொண்டு போனோம்.

அமெரிக்கச் சட்டக எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தை நாலால் வகுத்தால் தண்டின் உயரம் அங்குலத்தில் வரும். 21ஐ நாலால் வகுத்தால் ஐந்தே கால் அங்குலம்; 133.35 மில்லிமீட்டர். நம் 132 சட்டகத்துக்கு 1.35 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அண்ணன் கால் துளைகளை அளந்தார். அகலத்தில் எட்டரை அங்குலம், நீளத்தில் ஏழு. நம்முடையது 216, 178. அச்சாகப் பொருந்தியது. வித்தியாசமெல்லாம் தண்டின் தடிமனில். அவர்களுடையது அண்ணன் சொன்ன மாதிரி "ஒன்னு மூணெட்டு" அங்குலம், அதாவது 35 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கீழே, நம்முடையது 38. காலடியில் தகடு வைத்து உயர்த்தி, கப்ளிங்கை லேத்தில் 38க்குக் குடைந்தால் வேலை முடிந்தது. கப்ளிங்கைக் கழற்றி ஜெலுத்தோங்கில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பொழுது சாயும்முன் பம்பு ஓடியது.

அந்த மோட்டாருக்குத் தவுக்கே போட்ட விலை வழக்கமானதைவிட நன்றாகவே அதிகம். அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "தெரிஞ்ச பையன் கூப்பிட்டிருக்கான், இப்படித் தீட்டுறீங்களே" என்றார். தவுக்கே கோபப்படவில்லை. கடைக்குப் பின்னால் அலமாரியில் தூசி படிந்து கிடந்த மோட்டார்களைக் காட்டினார். பிளாஞ்ச் வைத்தவை, ஆறு போல், பிரேக் வைத்தவை, இரண்டு வேகம் உள்ளவை. சில அங்கே எட்டுப் பத்து வருஷமாகக் கிடக்கின்றன. "இதெல்லாம் வட்டி கட்டி உட்கார்ந்திருக்கு. வாடகை கட்டுது. யாருக்கும் வேணாம். ஒரு நாள் ஒருத்தனுக்கு இப்பவே வேணும். அந்த ஒருத்தன்தான் எல்லாத்துக்கும் குடுக்கணும்." இதை அவர் மலாயும் ஹொக்கியனும் கலந்து சொன்னார். அண்ணன் பதில் சொல்லவில்லை, ஆனால் சமாதானமும் ஆகவில்லை. நான் தவுக்கே பக்கம்தான். விலைச்சீட்டில் 'கையிருப்பு உண்டு' என்ற இரண்டு வார்த்தைக்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் தனியாக எழுதுவதில்லை.

கையிருப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மோட்டார் ஆலைகளில் மலிவாக வருவது ஒரு வகைதான்: நாலு போல், காலில் நிற்பது, 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூடிய உடல். தகடு வெட்டும் அச்சுக்கு ஆகும் பெரிய செலவை லட்சக்கணக்கான மோட்டார்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதிலிருந்து ஒரு படி விலகினாலும் அந்தப் பங்காளிகள் குறைந்துபோகிறார்கள். பட்டர்வொர்த் எண்ணெய்க் கிடங்குக்கோ பெயிண்ட் தொழிற்சாலைக்கோ தீப்பொறி வெளியே போகாத மோட்டார் வேண்டுமென்றால், உடலும் இணைப்புப் பெட்டியும் தடித்த வார்ப்பில், மூடி சேரும் இடங்கள் நுணுக்கமாகக் கடைந்து, சோதனைச் சான்றிதழோடு வரும். உள்ளே காயில் அதேதான். விலை இரண்டு பங்கு சுலபமாக ஆகும். சான்றிதழ்க் காகிதத்துக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. பெட்ரோல் ஆவிக்கு நடுவில் நிற்கிறவர் அப்படிக் கேட்க மாட்டார்.

இவ்வளவையும் கூட்டினாலும் வாங்குகிறவர் கொடுக்கும் விலை, மோட்டார் கடைசியில் தின்னும் காசில் ஒரு சிறு துண்டுதான். இதைத் தவுக்கேயோ அண்ணனோ சொல்லித் தரவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டெக்ஸ்டைல் ஆலையின் எஞ்சினியர் என் மேசையில் கால்குலேட்டரை வைத்துக் காட்டினார். இப்போதைய வகைப்பாட்டில் சொல்கிறேன். 7.5 கிலோவாட், நாலு போல், ஐ.இ. 1 வகை என்றால் பயனுறு திறன் 86 சதவீதம், ஐ.இ. 3 என்றால் 90.4. முழுச் சுமையில் முதலாவது 8.72 கிலோவாட் இழுக்கும், இரண்டாவது 8.30. வருஷத்துக்கு ஆறாயிரம் மணி நேரம், யூனிட் முப்பது காசு என்று வைத்துக்கொண்டால், முதல் மோட்டார் ஒரு வருஷத்தில் தின்பது பதினைந்தாயிரத்து எழுநூறு வெள்ளி. மோட்டாரே இரண்டாயிரத்துக்குள்தான். இரண்டு வகைக்கும் கரண்டில் வித்தியாசம் வருஷத்துக்கு எழுநூற்று அறுபது வெள்ளி. வாங்கும் விலையில் வித்தியாசம் சில நூறு. அந்தச் சில நூறு எங்கே போகிறது என்றால், இன்னும் கொஞ்சம் செம்பு, மெல்லிய நல்ல தகடு, நீளமான இரும்பு. எடையில்தான்.

அப்படியானால் எல்லாரும் அதையே வாங்க வேண்டுமே? வாங்கவில்லை. மோட்டார் வாங்குவது பர்ச்சேஸிங் பிரிவு. கரண்டு பில் வருவது கணக்குப் பிரிவுக்கு. மூன்று கடையில் விலை கேட்டு ஆகக் குறைந்ததை எடுத்தவருக்கு மேலிடத்தில் நல்ல பெயர். அவர் மிச்சம் பிடித்த இருநூறு வெள்ளி கண்ணுக்குத் தெரியும், மாதாமாதம் பில்லில் கரைவது தெரியாது. நானே எத்தனையோ தடவை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். தலையாட்டிவிட்டு, "சரி, அந்த மலிவு மோட்டார் எவ்வளவு?" என்பார்கள். ஐரோப்பா 2011 முதலே மலிவு வகைகளைப் படிப்படியாகச் சட்டம் போட்டு ஒதுக்கியது, சீனா 2021இல் ஐ.இ. 3க்குக் கீழே செய்ய விடவில்லை. சந்தை தானாகத் திருந்தும் என்று காத்திருந்தால் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஒரு முறை கோயம்புத்தூர் போனபோது இதன் மறுகோடியைப் பார்த்தேன். மோட்டார்க்காரனுக்கு அது கோயில் ஊர் மாதிரி. இந்தியாவில் முதல் மோட்டாரை 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்த இடம். உறவினர் ஒருவர் தோட்டத்துக்குப் பம்புசெட் வாங்கப் போனார், நானும் கூடப் போனேன். கடைக்காரரிடம் திறன் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் 1990 வாக்கிலிருந்து இலவசம். பில்லே இல்லாதவருக்குச் சதவீதம் எதற்கு? உறவினர் கேட்டது ஒன்றே ஒன்று: "லோ வோல்டேஜ்ல எடுக்குமா? எரிஞ்சா எங்கூர்ல காயில் கட்டுவாங்களா?" கடைக்காரர் உடனே சரியான மோட்டாரை எடுத்து வைத்தார். அவருக்கு அதுதான் சரி.

காயில் கட்டினால் திறன் குறையும் என்று ஒரு பேச்சு உண்டு, அதில் பாதி உண்மை. பழைய காயிலை உரிக்க ஸ்டேட்டரைச் சூளையில் வைப்பார்கள். அவசரத்தில் சூட்டை ஏற்றினால் தகடுகளுக்கு இடையில் உள்ள பூச்சு எரிந்து, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரும்பே சூடாகும் மோட்டார் கிடைக்கும். சில பட்டறைகளில் கேஸ் டார்ச்சை நேராகவே காட்டுவார்கள். அண்ணன் 370 டிகிரிக்கு மேல் விடவே மாட்டார். சூளைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், சாப்பாடும் அங்கேதான். 2003இல் அமெரிக்க, பிரிட்டிஷ் ரீவைண்டிங் சங்கங்கள் சேர்ந்து சோதித்துப் பார்த்தபோது, ஒழுங்காகக் கட்டினால் திறன் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது என்று வந்தது. அந்த அறிக்கையை அண்ணனிடம் சொன்னேன். "இதுக்கு அமெரிக்காக்காரன் வேணுமா?" என்றார்.

அவர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆயிற்று. தவுக்கேயின் மகன் இப்போது கடையைப் பார்க்கிறார். சிறிய மோட்டார் எதையும் காயில் கட்ட எடுப்பதில்லை. கம்பியும் கூலியும் வார்னிஷும் சேர்ந்தால் சீனாவிலிருந்து வரும் புது மோட்டாரின் விலையைத் தொட்டுவிடுகிறது. நான் சேர்ந்தபோது அரைக்குதிரை மோட்டாருக்குக்கூடக் காயில் கட்டினோம். இப்போது இருபது குதிரைக்குக் கீழே வந்தால் பட்டறைப் பையனே, "அண்ணே, புதுசு வாங்கிடுங்க" என்கிறான். வாடிக்கையாளர்களும் விவரமாகிவிட்டார்கள். எரிந்த மோட்டாரை வேனில் போட்டுக்கொண்டு வந்து, அன்றைய செம்பு விலையைக் கைபேசியில் காட்டி, "உள்ள ஆறு கிலோ இருக்கு, இதைக் கழிச்சுக்கிட்டுப் புதுசுக்கு விலை சொல்லுங்க" என்கிறார்கள். சின்னத் தவுக்கே மோட்டாரைக் கையால் சற்றே தூக்கிப் பார்த்து, பிளேடைத் தேடுகிறார்.